அட்டை மிட்டாய்

சர்க்கரை வந்தவர்கள் மிட்டாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நம் வயதில் பாதிப் பேர் காலையில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் காபியைத் தொடுகிறோம். அதுவும் சீனி இல்லாத காபி. மிச்சம் இருப்பது பேச்சு ஒன்றுதான். பேச்சில் இனிப்புச் சேர்த்தால் டாக்டர் கண்டுபிடிக்கப் போவதில்லை.

எனக்கு அவசர புத்தி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிற ரகம். அதனால் வரிசையாகச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானலில் நாயுடுபுரத்துச் சரிவில் எங்கள் வீடு. மிட்டாயின் பெயர்கள் கீழேயும் மேலேயும் ஒன்றுதான், சரக்குதான் வேறு. வத்தலக்குண்டில் பல்லில் ஒட்டிக்கொண்டு இழுபடுகிற கமர்கட், பஸ் ஏறி மேலே வருவதற்குள் கூழாங்கல் ஆகிவிடும். கடித்தால் பல்தான் போகும். நானும் தம்பியும் அதை விறகடுப்பு மேட்டில் வைத்துக் காத்திருப்போம். ஓரத்தில் லேசாக வியர்க்கும். அந்த நேரம் பார்த்து எடுத்து, சாம்பலை ஊதி, வாயில் போட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் மேட்டோடு ஒட்டிக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கித் தரும். தேன் மிட்டாயின் உள்ளே பாகு உறைந்து மெழுகு போல் இருக்கும். சூட மிட்டாயை நாக்கில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பனிமூட்டத்தை உள்ளே இழுத்தால் நெற்றிப்பொட்டு வரை ஜில்லென்று ஏறும். ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்காதீர்கள். வேறு சோலி இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா பழனிக்காரி. அவளுடைய அண்ணனுக்கு அடிவாரத்தில் கடை. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுவாள். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். படைத்ததைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அம்மா மறுக்கவும் மாட்டாள், மேசை மேல் வைக்கவும் மாட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு விரல் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நின்றபடியே தின்று முடிப்பாள். அப்பா வேலை முடிந்து வந்து மூக்கை உறிஞ்சுவார். வாழைப்பழமும் ஏலக்காயும் வீடெல்லாம் மணக்கும். ஒன்றும் கேட்காமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் கேட்காமல் விட அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதை இப்போது நினைத்தால்தான் அலுப்பாக இருக்கிறது. மற்ற விஷயங்களிலும் அப்படி விட்டிருக்கலாம் அல்லவா?

நான் சொல்ல வந்தது கறுப்பு மிட்டாயைப் பற்றி.

வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளியில் அப்பாவுக்கு ஸ்டோர் ரூமில் வேலை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் விடுதிக்கு ஆயா. தாத்தா பாட்டி போனபின் அத்தை எங்களோடுதான் இருந்தாள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது என்று ஊர் சொல்லும். அத்தை கேட்டுக்கொண்டே துணி துவைப்பாள். அவள் வாய் கொஞ்சம் கூர்மை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடும் கொயரில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

பள்ளி மூடி, பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. விட்டுப்போனதெல்லாம் ஆயாக்களுக்கு. ஒற்றைக் காலுறை, பாதி சோப்பு, மூடி இல்லாத பேனா, பிரிக்காத பிஸ்கட். சாக்லேட் மட்டும் ஒருபோதும் மிஞ்சியதில்லை. அந்த வருஷம் ஒரு பெரிய தகர டப்பா நிறைய மிஞ்சியது, கறுப்பு மிட்டாய். அந்த ஊர்ப் பிள்ளைகளே தின்னாமல் விட்டது என்பது அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். டப்பாவின் மேல் கோட்டை படம் போட்டிருந்ததில் மயங்கிவிட்டோம்.

உள்ளே சுருட்டி வைத்த பெல்ட் போல் சில. மற்றதெல்லாம் குட்டையாக, பளபளவென்று, ஒரு முனை கூம்பி. தம்பி பார்த்தவுடன் பின்வாங்கினான். சோலைக்குள் போய்வந்தால் காலில் தொங்குமே, அதே உருவம். அவன் உப்பு டப்பாவை எடுத்துவந்து மிட்டாயின் மேல் தூவிவிட்டு, சுருங்குகிறதா என்று குனிந்து உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அதற்கு அட்டை மிட்டாய் என்று பெயர்.

ருசியைச் சொல்வது கஷ்டம். முதலில் வெல்லம் மாதிரி வரும். நம்பி மென்றால் தார் ரோடு போடும் நாளின் வாசம். பிறகு ஒரு துளி உப்பு. கடைசியில் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு வழவழத்த இனிப்பு, தண்ணீர் குடித்தாலும் போகாது. முதல் நாள் துப்பினோம். அப்புறம் பழகிவிட்டது. வேறு மிட்டாய் இல்லாதபோது நாக்கு சமாதானத்துக்கு வந்துவிடும்.

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "லிக்கரிஸ்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மதுவிலக்குச் சங்கத்தில் பேர் கொடுத்த வீடு எங்களுடையது. லிக்கர் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சாராய மிட்டாயைக் கொடுத்துவிட்டோமே என்று டப்பாவைக் கொண்டுபோய் விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அது வேறு, இது வேறு என்று அப்பா விளக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் நாங்கள் விறகுக்குப் பின்னால் போய்வந்து பாதியைக் காலி செய்திருந்தோம்.

அந்தப் பருவத்தில்தான் அத்தைக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து இடம் வந்தது. மாப்பிள்ளை வெங்காய மண்டியில் கணக்குப் பார்ப்பவர். அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். ஒழுங்காகச் சபைக்குப் போகிற குடும்பம் என்று போதகரே சொல்லி அனுப்பினார். அப்பா விவரமெல்லாம் சொல்லி முடித்ததும் அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க வெயிலு நல்லா அடிக்குமாண்ணே?"

அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. பனிக்காலம் முழுக்க அத்தையின் விரல்கள் சிவந்து தடித்துப் போயிருக்கும். இரவில் அரிப்பு. பகலில் பனிக்கட்டித் தண்ணீரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் காலுறைகள். கொடைக்கானலைப் பார்க்க ஊரெல்லாம் ஏறி வருகிறது. அங்கேயே பிறந்து, அந்தக் குளிரை வெறுத்த ஒரு பெண் இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? கேள்வி கேட்ட அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அங்கெல்லாம் வடகம் ஒரே நாளில் காய்ந்துவிடுமாம் என்று சொன்னாள். வேறு பெண்கள் நகையைப் பற்றிச் சொல்வார்கள்.

அவர்கள் வந்த நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழைந்திருந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மூவரும் முதல் பஸ்ஸில் வெள்ளனே கிளம்பி, வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து வந்து உட்கார்ந்தார்கள். தோத்திரம் சொல்லிக்கொண்டார்கள். ஜெபம் ஆனது. அத்தை காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அவளை நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு காபியைச் சிந்தினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தட்டில் கேசரி இருந்தது, முறுக்கு இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை. மண்டிக்காரர்கள் வீட்டில் இதெல்லாம் தினமும் இருக்கும், நம்மிடம் மட்டும் இருப்பது என்று ஒன்று வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கோட்டை படம் போட்ட டப்பாவை உள்ளேயிருந்து எடுத்துவந்து, மிட்டாய்களைப் பீங்கான் தட்டில் வட்டமாக அடுக்கி நடுவில் வைத்தாள்.

தாய்மாமன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது என்னங்க, கரி மாதிரி இருக்கு?"

"லிக்கரிஸ்" என்றார் அப்பா. இங்கிலீஷ் உச்சரிப்போடு, கொஞ்சம் பெருமையாக.

"லிக்கரா? மலையில குளிருக்கு நீங்களும் போட்டுக்கிறது உண்டு போல."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் சபைக்காரர்கள் முன்னால், பெண் பார்க்க வந்த இடத்தில், மதுவிலக்குச் சங்கத்துக்காரரிடம். அப்பாவின் காது சிவந்தது. அவசரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவரிடமிருந்துதான். வாயைத் திறந்தார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. இது மருந்து மாதிரி. தொண்டைக்கு, இருமலுக்கெல்லாம் நல்லதுன்னு சொல்லுவாங்க. தங்கச்சி தெனம் ஒண்ணு வாயில போட்டுக்கும்."

கொயரில் பாடுகிறவள், தொண்டையைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. கொயர் என்ற வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா ஒரு மிட்டாயை எடுத்து, முன்பல்லால் ஓரத்தைக் கடித்தார். மெல்லவில்லை. நாக்கிலேயே வைத்திருந்தார். அந்த முகம் மாறியதை நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. எங்கேயோ போய்விட்டு வந்தது மாதிரி இருந்தது.

"இது அதிமதுரம்ல" என்றார்.

எங்கள் யாருக்கும் அது தெரியாது. வத்தலக்குண்டு நாட்டு மருந்துக் கடையில் குச்சி குச்சியாகக் கட்டி வைத்திருக்கும் அதிமதுரம் கப்பலேறிப் போய், கறுப்பு உடுப்புப் போட்டு, கோட்டை டப்பாவில் திரும்பி வரும் என்று யார் கண்டது? அவர் மட்டும் கண்டுபிடித்தார். நாக்கு மறக்கவில்லை.

"என் கூடப் பொறந்தவளுக்கு நாந்தான் இடிச்சுக் குடுப்பேன். கசாயத்த வாயில ஊத்துறதுக்கு முன்னாடி நான் குடிச்சுக் காட்டணும், இல்லைன்னா குடிக்க மாட்டா. ரெண்டு வருசம் இருமுனா." மிட்டாயைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "பொண்ணுக்கு எத்தனை நாளா இருமல்?"

இருமல் இல்லை என்றார் அப்பா. அம்மாவும் சொன்னாள். ஆளுக்கு ஒரு பக்கமாக, வேகமாக, நிறைய சொன்னார்கள். நிறைய சொன்னதுதான் கெடுத்தது. அத்தை அடுப்படியில் நின்றாள். அந்த ஈர விறகுப் புகையில், சரியாக அந்த நேரம் பார்த்து, ஒரு தடவை இருமினாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துகொண்டார். "ஏலே, வா. கடைசி பஸ்ஸு போயிரும்." கடைசி பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. மாப்பிள்ளை முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தார்.

சின்னப் பிள்ளையில் அந்த அம்மாவை நான் சூனியக்காரி என்று நினைத்திருந்தேன். இப்போது முடியவில்லை. கூடப் பிறந்தவளுக்குக் கசாயம் கொடுத்துப் பார்த்து, கடைசியில் கல்லறைக்கு அனுப்பிவைத்த நாக்கு அது. அதை எதைச் சொல்லி மாற்றுவது?

சம்பந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. அம்மா டப்பாவைக் காலி செய்து சரிவில் வீசினாள். கழுவிய டப்பாவில் பிறகு மிளகாய் வைத்தாள். அப்பா, போகட்டும், நம்மை நம்பாதவர்கள் வீட்டுக்கு நம் பிள்ளை ஏன் போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து அத்தை, விடுதிக்குத் துணி வாங்குகிற சோலி இருக்கிறது என்று வத்தலக்குண்டுக்குப் போய்வந்தாள். துணி எதுவும் கொண்டுவரவில்லை. பெரிய பழுப்புக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து பாய்க்கு அடியில் வைத்தாள். நான் துருவியதில் எடுத்துக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அத்தையின் உள்பக்கம் தெரிந்தது. மூங்கில் கூடை மாதிரி விலா எலும்பு, நடுவில் மேகம் படிந்த மாதிரி ஏதோ ஒன்று. அது என்ன என்று பயந்து கேட்டேன்.

"நெஞ்சுடி. சயரோகமெல்லாம் ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒட்டன்சத்திரம் போற கேரட்டு லாரிக்காரர்ட்ட அவருக்குச் சேதி சொல்லிவிட்டிருக்கேன். அப்பாட்ட சொல்லிறாத."

நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வந்தார். தனியாக வந்தார், அதே காய்கறி லாரியிலேயே. காலை நேரம். எங்கள் வீட்டுக்குக் கீழே ரோட்டில் லாரி நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் படியேறி வந்து வாசலில் நின்றார். மெல்லிசான சட்டை, தலையில் சுற்றிய துண்டு. ஸ்வெட்டர் கிடையாது. உதடு நீலமாக இருந்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொல்லி அப்பா கூப்பிடவில்லை.

"அம்மாவுக்குப் பயம்ங்க, வேற ஒண்ணுமில்லை. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு படம் எடுத்திருக்கிறதா சொன்னாங்க. அதக் கொண்டுபோய்க் காட்டிட்டா நான் பேசிக்கிருவேன்."

"படமா? யாரு எடுத்தது?" அப்பாவின் குரல் உயரவில்லை, இறங்கியது. "சந்தையில மாட்டோட பல்லப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குவாங்க தம்பி. எங்க வீட்டுப் பொண்ணப் படம் புடிச்சுக் காட்டிக் கட்டிக் குடுக்கிற அளவுக்கு நாங்க எறங்கலை."

அத்தை வெளியே வந்தாள். கவர் கையில் இருந்தது. இடதுபக்கம் அப்பா, வலதுபக்கம் அவர். நடுவில் அவள், கவரை முன்னால் நீட்டியபடி. யாருக்கு என்று சொல்ல முடியாமல் நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது.

"கொண்டா அத" என்று அப்பா கையை நீட்டினார்.

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கவர் அப்பாவின் கைக்குப் போனது. கீழே லாரி ஹாரன் அடித்தது.

"வண்டி கெளம்புதுங்க" என்றார் அவர். அப்போதும் கையை எடுக்காமல், தோளைக் குறுக்கிக்கொண்டே படியிறங்கினார். படி முழுக்கப் பனி ஈரம். வழுக்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அந்தக் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிற்பாடு வேறு இடங்கள் வந்தன, போயின. எந்த ஊரானாலும் அத்தையின் பெயருக்கு முன்னால் அந்த இருமல் கதை போய்ச் சேர்ந்துவிடும். கன்னிவாடி வரைக்கும் போயிருந்தது. கடைசியில் யாரும் வரவில்லை. அப்பா தன் தங்கைக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சபையில் பாராட்டாகச் சொல்வார்கள். ஆமாம், எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நெடுங்காலம் நான் மிட்டாயின் மேல் பழியைப் போட்டேன், பிறகு அம்மாவின் பீங்கான் தட்டின் மேல், பிறகு அப்பாவின் மேல். இப்போது யார் மேலும் போட மனதில் தெம்பில்லை. பழி போடுவதற்கும் உடம்பு வேண்டியிருக்கிறது.

அத்தை விடுதியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, கடைசிச் சில வருஷங்கள் திண்டுக்கல்லில் என்னோடு இருந்தாள். ஒருநாள் இருவரும் துவைத்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். எப்படியோ பேச்சு அங்கே போனது. கேட்டே விட்டேன். கையில் படம் இருந்தது, அவரும் அங்கேயே நின்றார், ஏன் அப்பாவிடம் கொடுத்தீர்கள்?

"அண்ணன் கைய நீட்டுச்சு. நீட்டுன கையில குடுத்தேன்" என்றாள். போர்வையை உதறினாள். "அவரு நீட்டலையே. கையக் கட்டிக்கிட்டுல்ல நின்னாரு. கட்டிக்கிட்டு நிக்கிற ஆளுட்ட என்னத்தக் குடுக்க?"

இத்தனை வருஷமாக இவள் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்? வழக்கம்போல் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அவருக்குக் குளிரு. ஸ்வெட்டர்கூட இல்லாம வந்திருந்தாரு. அந்த ஊரு ஆளுக்குக் கைய எடுக்க முடிஞ்சிருக்காது."

அத்தை தன் முனைகளை என் முனைகளோடு சேர்த்து, மடிப்பை நீவிவிட்டு, போர்வையை என் கையில் கொடுத்தாள்.

"எனக்குந்தான்டி குளிருச்சு. நான் நீட்டிக்கிட்டுத்தானே நின்னேன்."